பத்தொன்பது டிகிரி

வேம்புலி கை நீட்டுகிற ஆள் என்பது திருமழிசையில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எதிரில் நிற்பவன் பேசி முடிப்பதற்குள் கன்னத்தில் விழுந்திருக்கும். அப்புறம் அவனே தோளில் கை போட்டுக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுப்பான். அடி வாங்கினவனும் குடிப்பான், குடிக்காமல் என்ன செய்வது, டீ ஆறிப்போகுமே. ஐம்பத்திரண்டு வயதுக்குள் பம்பு கம்பெனி ஃபோர்மேன், லாரி டிரைவர், கல்யாண வீட்டுச் சமையல்காரர் என்று யார் யாரையோ அடித்துவிட்டான். பெண்டாட்டி தாயம்மாவையும் அடித்திருக்கிறான். அதற்கு மட்டும் டீ கிடையாது. அவன் கை படாத ஒரே ஆள் தாயம்மாவின் தம்பி உத்தமன்தான்.

அதற்குக் காரணம் இருந்தது. கல்யாணத்தன்று உத்தமனுக்கு ஏழு வயது. அக்காவை விட்டுப் பிரிய மாட்டேன் என்று தரையில் புரண்டு அழுதவனை, வேம்புலி மாலையும் கழுத்துமாகத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டே பெண் அழைத்து வந்தான். அன்றிலிருந்து பையன் இவர்கள் வீட்டுச் சோற்றில்தான் வளர்ந்தான். அவனை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத்து வேலைக்குச் சேர்த்துவிட்டதும், பானுப்பிரியாவைப் பார்த்துக் கட்டிவைத்ததும், நாலு வீடு தள்ளிக் குடிவைத்ததும் வேம்புலிதான். அந்த மச்சானைத்தான் இந்த வருஷம் இரண்டு தடவை அடித்தான். இரண்டாவது தடவை கையில் கத்தி இருந்தது.

எல்லாம் சர்க்கரைச் சோளத்தால் வந்த வினை. பெங்களூர் ஹைவேயிலிருந்து அரைக் கிலோமீட்டர் உள்ளே தள்ளி நாலு ஏக்கர் நிலம். வேம்புலியின் அப்பன் காலமெல்லாம் ஏர் ஓட்டிய நிலம் அது. அப்பன் ஒருநாள்கூட அந்த வரப்பில் செருப்போடு நின்றதில்லை. நிலக்காரர் பிள்ளைகள் எல்லாம் அண்ணா நகர் போய்விட்டார்கள். நிலம் முள் மண்டிக் கிடந்தது, எப்போது வேண்டுமானாலும் கல் நட்டு பிளாட் போட்டுவிடுவார்கள் என்று ஊரே எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் ஒரு கம்பெனி வந்து குத்தகைக்கு எடுத்துத் தை மாசத்தில் சோளம் விதைத்தது. கரும்பு மாதிரித் தண்டில் சாறு இருக்கிற சோளம். சாற்றைப் புளிக்கவைத்து ஸ்பிரிட்டு எடுத்துப் பெட்ரோலில் கலப்பார்களாம். வேம்புலி காருக்குச் சாராயம் காய்ச்சப் போறான் என்று டீக்கடையில் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேர் அடி வாங்கினார்கள், டீயும் குடித்தார்கள்.

பம்பு கம்பெனியை மூடினபிறகு வேம்புலி இரண்டு வருஷம் கோடவுனில் மூட்டை தூக்கினான். முதுகு போய்விட்டது. ஆள் வைத்து வேலை வாங்கத் தெரிந்த உள்ளூர்க்காரன் வேண்டும் என்று கம்பெனி ஆபீசர் ரகுநாதன் கேட்டபோது இவன் போய் நின்றான். ரகுநாதனுக்கு முப்பது வயது இருக்கும். வட்டத் தொப்பி, எதைப் பார்த்தாலும் போனில் போட்டோ. அவன் இவனை ‘சூப்பர்வைசர் சார்’ என்று கூப்பிட்டான். வேம்புலியின் வம்சத்தில் யாரையும் யாரும் சார் என்று கூப்பிட்டது கிடையாது. அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தான் என்று தாயம்மா சொன்னாள்.

ஆனால் அது நிரந்தர வேலை இல்லை. சோளத்தின் சர்க்கரையைப் பொறுத்துத்தான் எல்லாம். ரகுநாதன் சட்டைப் பையில் ஒரு சாண் நீளக் குழாய் வைத்திருந்தான். தண்டை முறித்து ஒரு சொட்டுச் சாறு அதன் கண்ணாடியில் விட்டு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் உள்ளே கோடு தெரியும். எத்தனையாவது கோடோ அத்தனை டிகிரி. அறுப்புக்கு முந்தின கடைசிப் பரிசோதனையில் பதினெட்டுக்கு மேல் காட்டினால் கம்பெனி சுற்றுவட்டாரத்தில் நாற்பது ஏக்கர் எடுக்கும், வேம்புலிக்கு அடையாள அட்டையோடு நிரந்தர வேலை. காட்டாவிட்டால் கம்பெனி மூட்டை கட்டிவிடும், நிலம் பிளாட்டாகிவிடும், இவன் மறுபடி கோடவுனுக்குப் போக வேண்டியதுதான். பதினெட்டு என்ற சொல் அவன் வாயில் சாமி பேர் மாதிரி ஆகிப்போனது.

திருமழிசைப் பக்கம் சோளம் போட்ட ஆளே கிடையாது. நெல் போடுவார்கள், கீரை போடுவார்கள், அப்புறம் பிளாட் போடுவார்கள். சோளத்தின் குணம் அங்கே யாருக்கும் தெரியாது. பங்குனியில் நாலு ஏக்கரும் கதிர் தள்ளிப் பூத்து நின்றபோது, கதிரை எல்லாம் உடைத்துப்போடச் சொன்னான் ரகுநாதன். கதிர் மணி பிடித்தால் சர்க்கரை மேலே ஏறிவிடும், உடைத்துவிட்டால் தண்டிலேயே தங்கும் என்று விளக்கினான். கூலிக்கு வந்த பெண்கள் கத்தியைக் கீழே போட்டுவிட்டார்கள். பூத்து நிற்கிறதை ஒடிக்கச் சொல்கிறாயே, வாயும் வயிறுமாக இருக்கிறவளை எட்டி உதைக்கிற மாதிரி அல்லவா இருக்கிறது என்றார்கள். வேம்புலி அவர்களை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுத் தானே இறங்கி, சாயங்காலத்துக்குள் அரை ஏக்கர் தலையை ஒடித்துத் தள்ளினான். மறுநாள் பெண்களும் வந்தார்கள். வேறு போக்கிடம் ஏது? ஒடித்த கதிரெல்லாம் வேம்புலி வீட்டு மாடுகளுக்குப் போனது. வெள்ளச்சி, கொம்பி என்று தாயம்மாவுக்கு இரண்டு கறவை. ஆவடி குவார்ட்டர்ஸில் பதினோரு வீட்டுக்கு அவள் பால்தான். சோளக் கதிர் தின்று இரண்டும் கூடவே கறந்தன. அதனால் சோளம் மாட்டுக்கு ஆகும் என்று புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் மனசில் பதிந்துவிட்டது.

சித்திரை பிறந்ததும் தண்ணீரை நிறுத்தச் சொன்னான் ரகுநாதன். பயிரைக் காயப்போட்டால் சாறு சுண்டி டிகிரி ஏறும். இங்கேதான் உத்தமனுக்கும் வேம்புலிக்கும் மோதல் வந்தது. நிலத்தின் கடைக்கோடியில் முப்பது சென்டில் உத்தமன் சிறுகீரையும் அரைக்கீரையும் போட்டிருந்தான். லேத்து ஷிப்டு போக மீதி நேரமெல்லாம் அங்கேதான் கிடப்பான். அதற்குத் தண்ணீர் சோளத்துக்கு நடுவே போகிற குழாயில்தான் வரவேண்டும். குழாயில் நாலு இடத்தில் ஒழுக்கு. ஒழுகினால் சோளம் குடித்துவிடும் என்று வேம்புலி மோட்டார் கொட்டகையைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டான்.

உத்தமன் வந்து கெஞ்சினான். “மாமா, கீரை மொத்தமும் கருகிகினு கீது. ஒரே ஒரு மணி நேரம் உடு. நான் குழாய் மேல குந்திகினு இருக்கேன், ஒழுகாம பாத்துக்கறேன்.”

பதினெட்டு வந்ததும் உனக்கு ஒரு கிணறே வெட்டித்தருகிறேன் போடா என்றான் வேம்புலி. உத்தமன் இரண்டு நாள் பொறுத்தான். மூன்றாம் நாள் காலை ஷிப்டுக்குப் போகும் முன் பூட்டை நெம்பி மோட்டாரைப் போட்டுவிட்டான். அத்தனை நாள் காய்ந்து கிடந்த குழாய் நடுவயலில் வெடித்தது. வேம்புலி வந்து பார்க்கும்போது இரண்டு ஏக்கர் சோளம் கணுக்கால் தண்ணீரில் நின்றது. அடுத்த வாரம் ரகுநாதன் தன் சட்டைப் பைக் குழாயில் சாற்றை விட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். பதினாறாக இருந்தது பதின்மூன்றுக்கு இறங்கியிருந்தது.

அன்றுதான் முதல் அடி. டீக்கடை வாசலில், சைக்கிளில் வந்தவனை இறக்கிச் செவுளில் ஒன்று விட்டான். உத்தமனுக்குக் கண் நிறைந்துவிட்டது. வலியில்லை, இந்தக் கை தன்மேல் விழாது என்று இருபத்தேழு வருஷம் நம்பியிருந்தவன் அவன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றான். வேம்புலி டீ சொல்லவில்லை. விறுவிறுவென்று போய்விட்டான். அவன் முதுகைப் பார்த்துத்தான் உத்தமன் அதைச் சொன்னான்.

“என் கீரை கருகுன மாதிரி உன் ஊட்டு மாடும் சுருண்டு உழும், பாத்துகினே இரு மாமா.”

வயிறு எரிந்தவன் பேச்சு. சொன்னவன் ஷிப்டு முடிவதற்குள் மறந்துவிட்டான். கேட்ட இருபது பேர் மறக்கவில்லை.

வெடித்த குழாய்த் தண்ணீர் இன்னொரு வேலையும் செய்திருந்தது. தலை ஒடிந்து நின்ற சோளமெல்லாம் அடித்தூரிலிருந்தும் கணுவிலிருந்தும் புதுசாகத் துளிர் விட்டது. கதிர் போனால் பயிர் சும்மா இருக்குமா, எங்கேயாவது ஒரு பக்கம் உயிரை நீட்டத்தானே பார்க்கும்? முழங்கால் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று வந்தது. வேம்புலி மறுபடி தண்ணீரை நிறுத்தி இரண்டு வாரம் ஆகியிருந்தது, கத்திரி வெயில் வேறு. துளிரெல்லாம் வெந்நீர் ஊற்றின மாதிரி வாடித் தொங்கியது. ரகுநாதன் பார்த்துவிட்டு, இதெல்லாம் சர்க்கரையைத் திருடுகிற தழை, அறுத்து வெளியே போட்டுவிடுங்கள் சூப்பர்வைசர் சார், அடுத்த புதன்கிழமை கடைசிப் பரிசோதனை என்று சொல்லிவிட்டு வண்டி ஏறிவிட்டான்.

வெளியே எதற்குப் போடவேண்டும்? நெல்லுக்காரனுக்குத் தெரிந்ததெல்லாம் பச்சையாக இருந்தால் மாடு தின்னும் என்பதுதான். வைக்கோல் லாரி வந்து பத்து நாளாகிவிட்டது. பூந்தமல்லி ஓட்டல்களிலிருந்து அள்ளிவந்த காய்கறித் தோலைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தாள் தாயம்மா. ஞாயிற்றுக்கிழமை காலை வேம்புலி அவளையும் கூட்டிக்கொண்டு போனான். வெயில் ஏறும்வரை இருவரும் குனிந்தபடி அறுத்தார்கள். அன்று அவன் நல்ல பேச்சில் இருந்தான். வேலை நிரந்தரமானதும் அவளுக்குக் கொட்டகையைச் சிமென்டுத் தரையாகப் போட்டுத் தருகிறேன் என்றான். அவள் சிரித்துக்கொண்டே பெரிய கட்டாகக் கட்டித் தலையில் ஏற்றிக்கொண்டு போய் மாடுகளுக்கு முன்னால் உதறிவிட்டு, மிச்சத்தை மூலையில் சாத்திவைத்தாள்.

பன்னிரண்டு மணி இருக்கும். வேம்புலி கை கால் கழுவிக்கொண்டிருந்தான். கொட்டகையில் தொப்பென்று சத்தம் கேட்டது. வெள்ளச்சி முன்னங்கால் மடங்கி விழுந்து கிடந்தது. வாயில் நுரை, மூச்சு தாறுமாறாக ஏறி இறங்கியது, நாலு காலும் உதைத்துக்கொண்டன. கொம்பி நின்றபடியே நடுங்கிற்று. கயிற்றை அறுத்துக்கொள்ளப் பார்த்து, முடியாமல், கயிறு கழுத்தை இறுக்கச் சாய்ந்தது. தாயம்மா அதன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு வேப்பெண்ணெய் கொண்டா, புளித்தண்ணி கொண்டா என்று அலறினாள். எதைக் கொண்டுவந்தும் உள்ளே போகவில்லை. கால் மணி நேரம்கூட இல்லை, இரண்டும் போய்விட்டன. வெள்ளச்சியின் மூன்று மாசக் கன்று மட்டும் தள்ளிக் கட்டியிருந்ததால் பிழைத்து, கத்திக்கொண்டே இருந்தது.

மாட்டாஸ்பத்திரிக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அங்கே வேலை செய்கிற உதவியாள் ஒருத்தன் பக்கத்துத் தெருவில் இருந்தான். அவன் வந்து உதட்டைப் பிரித்து, உள்ளே செக்கச்செவேலென்று இருந்ததைப் பார்த்துவிட்டு, விஷம் தின்றிருக்கிறது, நாளைக்கு டாக்டர் வந்தால் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். அப்போதுதான் கொட்டகை வாசலில் கிடந்த கீரைக்கட்டை வேம்புலி பார்த்தான். வாழைநாரில் கட்டின சிறுகீரை, பாதி மேய்ந்தது. இவர்கள் வயலில் இருந்தபோது உத்தமன் வந்து வைத்துவிட்டுப் போனான் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். டீக்கடையில் அவன் சொன்னதையும் யாரோ எடுத்துச் சொன்னார்கள். கூட்டத்தில் இதற்கெல்லாம் ஆள் பஞ்சமே கிடையாது.

வேம்புலி தாயம்மாவைப் பார்த்தான். அவள் சேலையெல்லாம் மாட்டின் நுரை.

“என் தம்பின்னு பாக்காதே,” என்றாள். “போய் கேளு.”

உத்தமன் கீரை வயலில் குந்திக்கொண்டு, பிழைத்ததைப் பறித்துக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் பானுப்பிரியா நார் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மாமா வருவதைப் பார்த்து உத்தமன் சிரித்தான். கீரை கிடைத்ததா, அக்கா வாங்கிக்கொண்டாளா என்று கேட்க வாயெடுத்திருப்பான். வேம்புலியின் உதை மார்பில் விழுந்தது. மல்லாந்தவனை எழவிடவில்லை. வெடித்துப்போன குழாயின் துண்டு ஒன்று கிடந்தது, அதை எடுத்துக்கொண்டான்.

“கீரைல இன்னாடா வெச்சே?”

“இன்னா மாமா? அக்காவுக்குத்தான் குடுத்தேன். சண்டை வாணாம்னுதான் மாமா.”

குழாய் தோளில் விழுந்தது, முட்டியில் விழுந்தது, தடுத்த கையில் விழுந்தது. ஒவ்வொரு அடிக்கும் அதே கேள்வி. ஒவ்வொரு அடிக்கும் இல்லை மாமா, இல்லை மாமா. பானுப்பிரியா குறுக்கே விழுந்தாள். அவளைக் கொத்தாகப் பிடித்து வாய்க்காலில் தள்ளினான். வரப்பில் கூலிப் பெண்கள் நின்றார்கள், ஒருத்தியும் கிட்ட வரவில்லை. தாயம்மாவும் வந்து நின்றாள். உத்தமனின் மேல்பல் இரண்டு போய்விட்டது. வாய் நிறைய ரத்தத்தோடு அக்காவைப் பார்த்தான். அவள் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவன் அதைச் சொன்னான்.

“ஆமா மாமா. நான்தான் வெச்சேன். உட்டுடு.”

குழாய் நின்றது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள், சரி, முடிந்தது என்று மூச்சு விட்டார்கள். தாயம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு வீட்டைப் பார்க்கத் திரும்பினாள். அதற்குள் வேம்புலி குனிந்து உத்தமனின் வலது கையைப் பிடித்துக் குழாய் போகிற சிமென்டுக் கட்டைமேல் வைத்தான். காலையில் துளிர் அறுத்த கத்தி இடுப்பிலேயே இருந்தது. இந்தக் கையாலதானே என்று கேட்டான், பதிலுக்கு நிற்கவில்லை. ஒரே போடு. கட்டைவிரல் தப்பியது, மற்ற நாலும் கீரைப்பாத்தியில் விழுந்தன.

லேத்து ஓட்டுகிற கை.

இதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேம்புலிக்குச் சரியாக நினைவில்லை. யாரோ அவனைக் கட்டிப்பிடித்தார்கள். யாரோ ஆட்டோ கொண்டுவந்தார்கள். பானுப்பிரியா விரல்களைத் தேடிப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு ஏறினாள். பெரியாஸ்பத்திரியில் அவற்றை ஒட்டவைக்க முடியவில்லை. மண் ஏறிவிட்டதாம், நேரமும் ஆகிவிட்டதாம். கை எப்படிப் போனது என்று போலீஸ் கேட்டபோது, மாட்டுக்குச் சோளத்தட்டை வெட்டுகிற மிஷினில் விட்டுவிட்டேன் என்று உத்தமன் சொன்னதாக மறுநாள் ஊருக்குச் சேதி வந்தது. அக்கா வீடு கெடக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னான், ஆனால் மனசில் குற்றம் இருக்கப்போய்த்தான் மறைக்கிறான் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். வேம்புலியும் அப்படித்தான் நினைத்தான். நியாயம் செய்தவன் மாதிரிதான் உட்கார்ந்திருந்தான். சோறும் இறங்கியது. திங்கள்கிழமை மாட்டு டாக்டர் வருவதற்குள் பள்ளம் தோண்டி இரண்டு மாட்டையும் புதைத்துவிட்டிருந்தார்கள். தாயம்மா ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. கடையில் பாக்கெட் பால் வாங்கிப் புட்டியில் ஊற்றிக் கன்றுக்குப் புகட்டிக்கொண்டிருந்தாள். பதினோரு வீட்டுக்குப் பால் ஊற்றினவள் பாக்கெட் பாலுக்குக் கடையில் நின்றாள்.

புதன்கிழமை காலை ரகுநாதன் இன்னும் இரண்டு பெரிய ஆபீசர்களோடு வந்தான். நாலு மூலையிலும் நடுவிலும் தண்டு முறித்து, சொட்டு விட்டு, வெளிச்சத்தில் பார்த்தார்கள். ஒரு தடவை பார்த்தது போதாமல் மறுபடி பார்த்தார்கள். பத்தொன்பது. ஒரு மூலையில் இருபதைத் தொட்டது. ரகுநாதன் ஓடிவந்து வேம்புலியைக் கட்டிக்கொண்டான், போட்டோ எடுத்தான், தயாராக வைத்திருந்த அட்டையைப் பையிலிருந்து எடுத்து நீல நாடாவோடு கழுத்தில் மாட்டிவிட்டான். படம், பேர், கீழே சூப்பர்வைசர் என்று போட்டிருந்தது. வேம்புலி செருப்போடு வரப்பில் நின்றான். அப்பன் ஏர் ஓட்டின வரப்பு. அவனுக்கு அழுகை வந்தது, அழுதான். அட்டையைக் கழற்றாமலேயே வீட்டுக்கு வந்தான்.

வீட்டில் ராஜகுமாரி வந்திருந்தாள். ஆவடி குவார்ட்டர்ஸில் பத்து வருஷமாகப் பால் வாங்குகிறவள். புருஷனுக்குத் தொழிற்சாலையில் வேலை, சொந்த ஊர் விளாத்திகுளம் பக்கம். மூன்று நாளாகப் பால் வரவில்லை, விசாரித்தால் மாடு செத்துப்போச்சு என்கிறார்கள், மனசு கேட்காமல் பஸ் ஏறி வந்துவிட்டாள். தாயம்மா கொட்டகையைக் காட்டி, தம்பி இப்படிச் செய்துவிட்டான் என்று சொல்லி அழுதுகொண்டிருந்தாள். ராஜகுமாரி மூலையில் சாத்தியிருந்த மிச்சக் கட்டை எட்டிப் பார்த்தாள். குனிந்து ஒரு தழையை உருவிக் கசக்கி மோந்தாள்.

“ஏத்தா, இத யாரு மாட்டுக்குப் போட்டா?”

நான்தான் போட்டேன் என்றாள் தாயம்மா.

“வெட்டுன சோளத்துல வெடிச்ச துளிருல்ல இது? அதுவும் வாடுனது. எங்கூர்ல இது முளைச்சிருக்குன்னா அந்தப் புஞ்சைப் பக்கமே மாட்டப் பத்தமாட்டோம். ஒரு வாய் போதும், நின்ன இடத்துல விழுந்துரும். சின்னப்புள்ளைக்குக்கூடத் தெரியுமே தாயி.”

வாசலில் நின்ற வேம்புலி எல்லாவற்றையும் கேட்டான். கோபம் வந்தது, வழக்கம்போலக் கையும் எழுந்தது, அடிக்கத்தான் எதிரில் ஆள் இல்லை. ரகுநாதனுக்குப் போன் போட்டான். அந்தத் துளிர் மாட்டுக்கு விஷமா சார் என்று கேட்டான். ஆமாம், தண்ணி இல்லாம வாடினா ரொம்ப விஷம், அதனாலதானே வெளியே போடச் சொன்னேன், விவசாயிக்குத் தெரியாதா என்ன, மாட்டுக்கா போட்டீங்க என்று ரகுநாதன் கேட்டான். வேம்புலி போனை வைத்தான்.

தாயம்மா அவனைத் திட்டவில்லை. கன்றுக்குப் பால் புகட்ட ராஜகுமாரியிடம் புட்டியைக் கொடுத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். வேம்புலி பின்னாலேயே போனான். பஸ்ஸில் இருவரும் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்தார்கள். பூந்தமல்லி தாண்டும்போது அவள் தலையிலடித்துக்கொண்டு அழுதாள். கண்டக்டர் என்னம்மா என்றதற்கு ஒன்றுமில்லை என்றாள்.

ஆஸ்பத்திரியில் உத்தமன் சுவரோரக் கட்டிலில் கிடந்தான். வலது கையைத் துணிப்பந்தாகச் சுற்றித் தொங்கவிட்டிருந்தார்கள். முகம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. பானுப்பிரியா எழுந்து கட்டிலை மறைத்துக்கொண்டு நின்றாள்.

“இன்னொரு கை கீது. அதுக்கா வந்தே?”

வேம்புலி கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தான். அவன் அப்படி யாருக்கு முன்னாலும் உட்கார்ந்ததில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான். கதிரை ஒடித்தது, தண்ணியை நிறுத்தியது, துளிர் வந்தது, அறுத்து மாட்டுக்குப் போட்டது, ராஜகுமாரி சொன்னது, ரகுநாதன் சொன்னது. மாட்டைக் கொன்றது நான்தான் என்று சொன்னான். உத்தமன் ஒற்றைக் கண்ணால் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

“நீ செய்யல. அப்பறம் ஏன்டா ஆமான்னே?” என்றான் வேம்புலி. “இல்லன்னே சொல்லிகினு இருந்திருக்கலாமேடா.”

உத்தமன் பேசப் பேசப் பல் போன இடத்தில் காற்று வந்தது.

“ஆமான்னா நீ உட்டுடுவேன்னு நெனச்சேன் மாமா. எல்லாரையும் அட்ச்சிட்டு டீ வாங்கிக் குடுப்பியே. நமக்கும் வாங்கிக் குடுப்பேன்னு நெனச்சேன்.”

தாயம்மா தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

மிஷினில் கை போன கேஸுக்குக் கையெழுத்து வாங்க ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்தார். வயசானவர், வெயிலில் வந்த களைப்பு. பேப்பரை நீட்டிவிட்டு, வலது கை உதவாது என்பதைக் கவனித்து, இடது கைப் பெருவிரலாவது வை என்றார். வேம்புலி எழுந்தான்.

“மிஷின் இல்ல சார். நான்தான் வெட்டுனேன்.”

“மாமா, சும்மா கெட,” என்றான் உத்தமன். “சார், அவரு ஏதோ மாடு செத்த துக்கத்துல பேசறாரு. அக்கா, நீ சொல்லு. ஊடு என்னாவும்?”

ஏட்டு தாயம்மாவைத் திரும்பிப் பார்த்தார். புருஷன் ஒன்று சொல்கிறான், தம்பி ஒன்று சொல்கிறான், நீ என்னம்மா சொல்கிறாய் என்று கேட்டார். அவள் வேம்புலியைப் பார்த்தாள், கழுத்தில் தொங்கின அட்டையைப் பார்த்தாள், சுற்றிக் கட்டின கையைப் பார்த்தாள்.

“எழுதிக்கோங்க சார். அவருதான் வெட்டுனாரு. நான் நின்னு பாத்துகினு இருந்தேன், தடுக்கல. அதையும் எழுதிக்கோங்க.”

ஏட்டு பழைய பேப்பரைக் கிழித்துவிட்டுப் புதுப் பேப்பர் எடுத்தார். பேர், வயசு, தொழில் சொல்லு என்றார். வேம்புலி நீல நாடாவைத் தலைவழியாகக் கழற்றி அட்டையை நீட்டினான். ஏட்டு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அதைப் பார்த்தே மேலிருந்து ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார்.